முழு செட் வேண்டாம் தம்பி: ஸ்கூபா கருவிகளை எந்த வரிசையில் வாங்குவது, எப்படிப் பழகுவது

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் வேலை பார்க்கிறீர்கள். நீங்களும் மனைவியும் ஸ்கூபா கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் அங்கேயே. முதல் டைவ்கள் பக்கத்துக் குவாரித் தண்ணீரில், அதன் பிறகு கிழக்குக் கடற்கரையில் உள்ள சோத்வானா பே. கடையில் மாஸ்க் முதல் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வரை முழு செட்டுக்கு ஒரே விலை சொல்லி, இந்த மாதம் மட்டும்தான் என்கிறார்கள். வாங்கலாமா, எதை வாடகைக்கு எடுக்கலாம், துபாயிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லி வாங்கினால் மிச்சமா என்பதெல்லாம் கேள்வி. உங்களுக்கு மீசையும் கண்ணாடியும், அவங்களுக்கு மூக்குத்தியும் நீளமுடியும். மாஸ்க் ஒழுகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செட்டாக வாங்காதீர்கள். நான் விலையைப் பார்த்துச் சொல்லவில்லை. எந்தக் கடலில் இறங்குவீர்கள், எந்த மாதிரிப் படகில் போவீர்கள், தண்ணீர் எவ்வளவு குளிரும், உங்கள் உடம்பு எப்படி மிதக்கும், இந்த நான்கையும் பார்த்துத்தான் கருவி வாங்க வேண்டும். இவை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. தோலில் படுகிறவற்றை முதலில் வாங்குங்கள்: மாஸ்க், பூட்ஸ், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), குளிர் தாங்கும் சூட். அடுத்து டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும், கையில் கட்டும் கருவி. ரெகுலேட்டரும் பிசிடியும் (சிலிண்டரைத் தாங்கும், காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) கடலில் கொஞ்ச நாள் இறங்கிய பிறகு போதும். சிலிண்டரும் எடைக்கட்டியும் தேவையே இல்லை, டைவ் கட்டணத்தோடு படகுக்காரர்களே கொடுத்துவிடுவார்கள்.

மாஸ்க்கை வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கலாம். கடையில் பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்வரை கீழே விழாமல் இருந்தால் அது உங்கள் முகத்துக்கு ஆகும். பலமாக உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ரெகுலேட்டரின் கடிவாயை வாயில் வைத்துக்கொண்டும் ஒரு தடவை பாருங்கள், வாய் திறந்தால் கன்னத்தின் கோடு மாறிவிடும். விலை கூடினால் நன்றாக ஒட்டும் என்று எந்த விதியும் இல்லை.

மீசை விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்க்கின் சிலிக்கான் ஓரம் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வந்து உட்காரும். அங்கே முடி இருந்தால் தண்ணீர் உள்ளே வர வழி இருக்கிறது என்று அர்த்தம். மீசையை எடுக்கச் சொல்ல மாட்டேன், வீட்டில் பஞ்சாயத்து வரும். மூக்குக்கு நேர் கீழே, ஓரம் படிகிற அந்த மெல்லிய கோட்டை மட்டும் மழித்துவிட்டால் போதும், வெளியே தெரியாது. வாசலின் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலியக் களிம்பு ரப்பரையும் சிலிக்கானையும் நாளடைவில் கெடுத்துவிடும், அதனால் சிலிக்கான் கிரீஸ் வாங்கித் தடவுங்கள். அப்படியும் சொட்டுச் சொட்டாக வரத்தான் செய்யும். மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றுவதை வகுப்பில் சொல்லித்தருவார்கள். மீசைக்காரர்கள் அதில் சீக்கிரமே தேறிவிடுகிறார்கள், வேறு வழியில்லை!

நானும் மூக்குத்தி போட்டவள்தான். ஒற்றைக்கல் மூக்குத்தி மாஸ்க்கின் மூக்குப் பைக்குள் அடங்கிவிடும், அதனால் கசியாது. தொல்லை காது அடைப்பை எடுக்கும்போதுதான். கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். திருகாணி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அப்போது நறுக்கென்று குத்தும். வலிக்கிறதே என்று ஊதாமல் இறங்கினால் காது போய்விடும். பின்பக்கம் தட்டையாக இருக்கிற மூக்குத்தியாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வளையம் என்றால் அன்றைக்குக் கழற்றி வைத்துவிடலாம். எண்ணெய் வைத்த பின்னலில் ரப்பர்ப் பட்டை நிற்காது. நியோப்ரீன் துணியில் செய்த பட்டை தனியாகக் கிடைக்கும், அது வழுக்காது, முடியையும் பிடுங்காது. நெற்றியோரம் தொங்கும் முடியை மட்டும் நன்றாக ஒதுக்க வேண்டும், ஒரே ஒரு கற்றை ஓரத்துக்கு அடியில் மாட்டினாலும் மாஸ்க் நிறைந்துவிடும். தாலி சூட்டுக்குள் இருந்தால் எந்த இடைஞ்சலும் இல்லை.

கண்ணாடிக்கு, பவர் லென்ஸ் மாற்றிப் பொருத்தக்கூடிய, இரண்டு துண்டுக் கண்ணாடி உள்ள மாஸ்க்காகப் பாருங்கள். தண்ணீருக்குள் பொருட்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் பவர் குறைவாக உள்ளவர்கள் லென்ஸ் போடாமலே சமாளிப்பதுண்டு. கையில் கட்டிய எண்ணை நீங்கள் படிக்க முடிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இன்னொன்றைக் கடையில் சொல்ல மறந்துவிடுவார்கள். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். சாதாரண வெள்ளை டூத்பேஸ்ட்டை விரலில் எடுத்து உள்பக்கம் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு தடவை. அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு எச்சில் தடவினாலும் உள்ளே பனி படிந்துகொண்டேதான் இருக்கும்.

பூட்ஸ் வாங்கி, அதை மாட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் திறந்த ஃபின் வாங்குங்கள். வெறுங்காலில் மாட்டும் ஃபின் இங்கே சரிப்படாது; மணலில் நடந்து, படகைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, பிறகுதான் ஏற வேண்டும். சூட் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 மில்லிமீட்டர். டர்பன், சோத்வானாப் பக்கம் கடல் கோடையில் 25 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் 20-ஐ ஒட்டி இறங்கும். இரண்டுக்கும் 5 தாங்கும். கோடையில் மட்டும் போவீர்கள் என்றால் 3 போதும். கேப் டவுனில் அட்லாண்டிக் பக்கம் தண்ணீர் 10 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், அங்கே 7 மில்லிமீட்டரோ, தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட்டோ வேண்டும். அதை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜூலை மாதக் குவாரியும் லேசுப்பட்டதில்லை, ஹூட் (தலையுறை) இல்லாமல் இறங்காதீர்கள். சூட் பிடிப்பாக இருக்க வேண்டும், முதுகில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கக் கூடாது. வாடகை சூட் பெண்களுக்குச் சரியாக அமைவது அபூர்வம். அதனால் இருவரில் ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அவங்களுக்கு முதலில் வாங்குங்கள்.

இனி கம்ப்யூட்டர். ஜோகன்னஸ்பர்க்காரர்களிடம் இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். உங்கள் பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தமே கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு பாரிலிருந்து (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்) இரண்டு பார் ஆகும், அதாவது இரண்டு மடங்கு. உங்கள் குவாரியில் அதே 10 மீட்டருக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. மேலே வரும்போதும் அதே விகிதத்தில் குறைகிறது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக மாறுவது இந்த விகிதத்தைப் பொறுத்தது. அதனால் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடலுக்குப் போட்ட அட்டவணையைக் குவாரியில் அப்படியே பின்பற்றினால் ஆபத்து. இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றிலும் ஓடுவது ஆல்பர்ட் பியூல்மன் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரின் கணக்கு. மலை ஏரிகளில் டைவ் செய்வதற்கும் சேர்த்தே அவர் அதை ஆராய்ந்தார். நல்ல கம்ப்யூட்டர் உயரத்தைத் தானே உணர்ந்து கணக்கை மாற்றிக்கொள்ளும். சிலவற்றில் நாமே மெனுவில் போய் மாற்ற வேண்டும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வண்ணத்திரையும் புளூடூத்தும் பிறகு பார்க்கலாம். உயரம் ஒரு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் பூஸ்மன்ஸ்காட்டை நினைவுபடுத்துங்கள். வடகேப் மாகாணத்தில் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள அந்த நன்னீர்ப் பள்ளத்தில் 1996-இல் நூனோ கோமஸ் என்ற டைவர் 282.6 மீட்டர் இறங்கினார். அந்த உயரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் அவர் மேலே வரும் நேரத்தைத் திட்டமிட வேண்டியிருந்தது.

சோத்வானாவிலிருந்து வீடு திரும்புவதும் இதே கணக்குக்குள் வரும். டைவ் முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்று வகுப்பில் சொல்வார்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாட்கள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். நீங்கள் விமானத்தில் போகப்போவதில்லை, ஆனால் உங்கள் காரே மலை ஏறுகிறது. அந்த 12, 18 கணக்கு 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சொன்னது. வழியில் உள்ள எர்மெலோ ஊருக்கு வருவதற்குள் 1,700 மீட்டரை எட்டிவிடுவீர்கள். டர்பனிலிருந்து என்-3 சாலையில் போனாலும் வான் ரீனன் கணவாய் ஏறக்குறைய 1,680 மீட்டர். ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து, பிரையை (கரியடுப்பில் சுட்ட இறைச்சி) சாப்பிட்டுவிட்டு, மதியமே வண்டியைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கடைசி டைவ் சனிக்கிழமை மதியத்துக்குள் முடியட்டும், ஞாயிறு காலை கடற்கரையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கம்ப்யூட்டரில் 'பறக்காதே' என்று ஒரு விமானப் படம் தெரியும். அது மறையும்வரை மலைச் சாலையும் வேண்டாம்.

கம்ப்யூட்டரைப் பழகுவதற்கு வீட்டு மேசையே போதும். கையேட்டை வைத்துக்கொண்டு மூன்று எண்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இடம் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள்: இப்போதைய ஆழம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எந்த வேகத்தில் மேலேறுகிறோம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே. இருவருக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர். ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், இருவரும் ஒரே ஆழத்தில் இருப்பதே இல்லை.

பிசிடியைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு தடவையாவது இங்கே ரப்பர் டக் என்று சொல்லும் டைவ் படகில் போய் வாருங்கள். சோத்வானாவிலும், டர்பனுக்குத் தெற்கே உள்ள உம்கோமாஸிலும் துறைமுகமோ படித்துறையோ கிடையாது. காற்றடைத்த பக்கங்கள் உள்ள அந்தப் படகை அலைக்குள் தள்ளி, ஏறி, காலைப் பட்டைக்குள் மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டால், ஸ்கிப்பர் (படகோட்டி) அலைகளுக்கு நடுவில் இடைவெளி பார்த்து ஒரே பாய்ச்சலில் வெளியே கொண்டுபோவார். கருவிகள் எல்லாம் நடுவில் சேர்த்துக் கட்டியிருக்கும். தொங்குகிற கேஜ் (சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மானி), ஆடுகிற டார்ச், வளையத்தில் கோத்த அலங்காரச் சாமான் எல்லாம் அங்கே ஒன்று அடிபடும், இல்லை அடுத்தவர் காலில் மாட்டும். டைவ் முடிந்து திரும்ப ஏறுவது வேறு விதம். தண்ணீரில் மிதந்தபடியே முதலில் வெயிட் பெல்ட்டைக் கழற்றி ஸ்கிப்பர் கையில் கொடுக்க வேண்டும், அப்புறம் பிசிடியை சிலிண்டரோடு கழற்றிக் கொடுக்க வேண்டும், கடைசியில் ஃபினை உதைத்து உடம்பைப் படகின் பக்கத்துக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். தோளில் பட்டென்று கழலும் கொக்கி இல்லாத பிசிடி அந்த இடத்தில் உங்களைப் பாடாய்ப் படுத்திவிடும். எடையைப் பிசிடியின் பைக்குள்ளேயே வைக்கும் வகை முதுகுக்குச் சுகம்தான். ஆனால் பையை முதலில் உருவிக் கொடுக்காமல் முழுசாகத் தூக்கிக் கொடுத்தால் ஸ்கிப்பர் உங்களைப் பார்க்கிற பார்வையே சரியிருக்காது. என் விருப்பம்: தேவையில்லாத பை, வளையம் இல்லாத சாதாரண ஜாக்கெட் வகை, தோளில் இரண்டு கொக்கி, எடைக்குத் தனி பெல்ட்.

அளவு பார்க்கும்போது சூட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். காற்றை முழுக்க நிரப்பிய பிறகும் விலாவை நெருக்காமல் மூச்சு விட முடிய வேண்டும். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறக் கூடாது. காற்றை வெளியேற்றும் வால்வுகள் எங்கே இருக்கின்றன, கயிறு கைக்கு எட்டுகிறதா என்று கண்ணை மூடித் தேடிப் பாருங்கள்.

ரெகுலேட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், அடிப்படை எளிது. 1943-இல் ழாக் குஸ்தோவும் எமீல் காஞானும் பிரான்சில் செய்ததுதான் இன்றும் நடக்கிறது: கேட்டால் மட்டும், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுப்பது. சிலிண்டரில் மாட்டும் முதல் நிலை, 200 பார் அழுத்தத்தைச் சுற்றுப்புறத்தைவிட 9, 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கும். வாயில் வைக்கும் இரண்டாம் நிலை அதை மூச்சுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரும். பேலன்ஸ்டு வகையா என்று கேளுங்கள். அப்படியானால் சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சு இழுப்பது கனக்காது. முதல் நிலையில் பிஸ்டன், டயஃப்ரம் என்று இரண்டு ரகம் உண்டு. இரண்டுமே நன்றாக உழைக்கும். நான் இங்கே டயஃப்ரத்தின் பக்கம் சாய்வேன், அதுவும் மூடி அடைத்த வகை. அலைக்குள்ளிருந்து கிளம்பும் ஊரில் எல்லாவற்றிலும் மணல். உள்ளே மணலும் உப்பும் போகாமல் இருப்பது பெரிய நிம்மதி. கேப் டவுன் போல 10 டிகிரிக்குக் கீழே போகக்கூடிய தண்ணீருக்குக் குளிர்நீர்ச் சோதனையில் தேறிய ரெகுலேட்டர்தான் வேண்டும், இல்லையென்றால் உள்ளே உறைந்து காற்று நிற்காமல் கொட்டும்.

சிலிண்டரோடு சேர்ப்பதில் இரண்டு முறை உண்டு: மேலிருந்து கவ்வும் யோக், மரையில் திருகும் டின். யோக்கில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிண்டர் வால்வில் இருக்கும், டின்னில் நம் ரெகுலேட்டரிலேயே இருக்கும். நம் ஓ-ரிங் நம் கையில் இருப்பது நல்லது என்பதால் எனக்கு டின் பிடிக்கும். ஆனால் நீங்கள் அடிக்கடி போகும் டைவ் சென்டரில் எந்த வால்வு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டின்னுக்கு ஒரு யோக் அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டால் மொரீஷியஸோ மாலத்தீவோ எங்கே போனாலும் கவலையில்லை.

பிராண்டைப் பற்றி: ஸ்கூபாப்ரோ, அபெக்ஸ், மாரெஸ், க்ரெஸ்ஸி என்று எது வாங்கினாலும் மூச்சு வரும். உங்கள் ஊரில் அந்த பிராண்டைப் பிரித்துச் சர்வீஸ் செய்யப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, உதிரி கிட் கிடைக்கிறதா என்று பாருங்கள். துபாய் கேள்விக்கும் இதுதான் பதில். மாஸ்க், ஃபின், சூட் என்றால் நண்பரிடம் சொல்லலாம், ஆனால் அளவு பார்க்க முடியாதே! ரெகுலேட்டரை அங்கே வாங்கினால் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை சர்வீஸ் என்று வைத்துக்கொண்டால், வாங்கும்போது மிச்சப்படுத்தியதை இரண்டு மூன்று வருடத்தில் கூரியருக்கே கொடுத்துவிடுவீர்கள்.

பழைய கருவி வாங்குவதில் தவறில்லை. உங்கள் ஹௌடெங் மாகாணத்தில் ஆசையாக வாங்கி, இரண்டு சோத்வானாப் பயணத்தோடு நிறுத்தியவர்களின் சாமான் நிறையக் கிடைக்கும். என் சர்வீஸ் மேசைக்கு அப்படி ஒன்று வந்தால் முதலில் முதல் நிலையின் வாயிலில் உள்ள சின்ன உலோக வடிகட்டியைத்தான் பார்ப்பேன். டார்ச் அடித்தால் வெள்ளியாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பழுப்பாக இருந்தால் எப்போதோ துருப்பிடித்த சிலிண்டரில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டில் எது இருந்தாலும், விலையோடு முழு சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். அடுத்து ஹோஸ்களை இரு முனையிலும் வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். சிலிண்டரில் மாட்டாமலே, தூசி மூடியை இறுக்கிப் போட்டுவிட்டு இரண்டாம் நிலையில் மூச்சை இழுத்துப் பாருங்கள். ஒன்றும் வராமல் அடைத்துக்கொள்ள வேண்டும். காற்று வந்தால் எங்கோ ஓட்டை. பிசிடியை நிரப்பி ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அழுத்திப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே சரசரவென்று உப்புக்கல் சத்தம் கேட்டால் அதைக் கழுவாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பழைய அலுமினிய சிலிண்டர் மலிவாக வந்தால் தொடாதீர்கள். 6351 என்ற பழைய உலோகக் கலவையில் செய்தவற்றின் கழுத்தில் வெடிப்பு வரும் என்பது நிரூபணமான விஷயம்.

இவ்வளவும் சரியாக வாங்கினாலும் எடை சரியில்லை என்றால் டைவ் சுகப்படாது. பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் கட்டிக்கொண்டு, அதைச் சமாளிக்கப் பிசிடியில் காற்றடித்து, அதைத் தள்ளிக்கொண்டு நீந்தி, அரை மணி நேரத்தில் சிலிண்டரைக் காலி செய்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வார்கள். சூட் செய்யும் நியோப்ரீன் இட்லி மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. 10 மீட்டரில் அந்தக் குமிழிகள் பாதியாகச் சுருங்கும், சூட்டின் மிதப்பும் அதற்கேற்பக் குறைந்துவிடும். ஆனால் 5 மீட்டருக்குத் திரும்ப வரும்போது சூட் மறுபடி உப்பும், சிலிண்டரும் இலேசாகியிருக்கும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2.9 கிலோ. 50 பாரில் முடிக்கும்போது அதில் இரண்டு கிலோவுக்கு மேல் போயிருக்கும். அதனால் எடையை டைவின் கடைசியில் சோதிக்க வேண்டும்: 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடியில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சில் அந்த ஆழத்திலேயே நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் எடை.

குவாரியிலிருந்து கடலுக்குப் போகும்போது இந்த எண் மாறும். உப்புத்தண்ணீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். நீங்கள் 80 கிலோ, கருவிகள் 25 கிலோ என்றால் மொத்தம் 105. அதில் இரண்டரை சதவீதம் 2.6 கிலோ. குவாரியில் 6 கிலோ போதும் என்றால் சோத்வானாவில் எட்டரையிலிருந்து தொடங்குங்கள். சூட் மாறினால், சிலிண்டர் இரும்பா அலுமினியமா என்பது மாறினால் மறுபடி சோதனை. ஒரு சின்ன நோட்டில் தேதி, தண்ணீர், சூட், சிலிண்டர், எடை, எப்படி இருந்தது என்று எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் எந்தப் பயிற்றுநரையும்விட அந்த நோட்டு உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும்.

காற்றுக் கணக்கும் அதே நோட்டில் இருக்கட்டும். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் என்றால் 20 மீட்டரில், மூன்று பாரில், 60 லிட்டர். 50 பாரை ஒதுக்கிவிட்டு மிச்சமிருக்கும் 1,800 லிட்டர் 30 நிமிடத்துக்கு வரும். பதற்றத்தில் அது 20 நிமிடமாகிவிடும். ஆழ்ந்து, மெதுவாக, முழுக்க வெளிவிடுங்கள். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது.

மாட்டும்போது வரிசையை மாற்றாதீர்கள். வால்வைச் சற்றே திறந்து ஒரு தடவை சீறவிட்டு மணலை ஊதித்தள்ளுங்கள், ஓ-ரிங்கைப் பாருங்கள், மாட்டி முழுக்கத் திறங்கள். பிறகு கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. படகில் யாரோ உதவுகிறேன் என்று மூடிவிட்டும் இருக்கலாம். மஞ்சள் ஆக்டோபஸிலும் (துணைக்கு இருக்கும் இன்னொரு இரண்டாம் நிலை) மூச்சு இழுத்துப் பாருங்கள், அது உங்களுக்காக இல்லை, உங்கள் மனைவிக்காக. இருவரும் ஒருவர் கருவியை ஒருவர் சோதியுங்கள், கணவன் மனைவி என்றால் இதில் சலுகை கிடையாது. ஊதி மேலே அனுப்பும் ஆரஞ்சு மிதவைப் பை ஒன்றும் சின்ன ரீலும் ஆளுக்கொன்று இருக்கட்டும். அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போகும் இந்தக் கடலில், குழுவைத் தவறவிட்டவரை ஸ்கிப்பர் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். அதை ஊதி அனுப்பும்போது கயிறு கையில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, முதலில் நீச்சல்குளத்தில் பழகுங்கள்.

உங்கள் மாமனார், டர்பனிலேயே பிறந்தவர், "நம்ம ஆளுங்களுக்குக் கடல் எதுக்கு" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரோடு வாதாட வேண்டாம். இதே டர்பன் குடாவில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் இழுவலை போட்டு மீன்பிடித்துப் பிழைத்தார்கள். மத்தி ஓடும் மாதங்களில் அந்த வலைகளை இன்றும் பார்க்கலாம். நிறவெறி ஆட்சியின் 1953-ஆம் ஆண்டுத் தனி வசதிச் சட்டத்தின் கீழ், நல்ல கடற்கரைகளில் இவர் தலைமுறை கால் வைக்க முடியாது. ஆசை வருவதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒரு நாள் உம்கோமாஸுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், படகு கிளம்புவதைக் கரையிலிருந்து பார்க்கட்டும். தானும் இறங்குகிறேன் என்று அவர் சொன்னால் முதலில் டாக்டரிடம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் படிவத்தில் எழுத வேண்டும்.

டைவ் முடிந்தபின் தூசி மூடியைத் துடைத்து, ஈரமில்லாமல் போட்டபிறகுதான் ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஊறும்போது இரண்டாம் நிலையின் பொத்தானை அமுக்காதீர்கள், அமுக்கினால் தண்ணீர் ஹோஸ் வழியே முதல் நிலைக்குப் போய்விடும். மேலே சொன்ன பச்சை வடிகட்டி இப்படியும் வரும். பிசிடிக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி வடிகட்டுங்கள். எல்லாம் நிழலில் காய வேண்டும், காரின் பின்கண்ணாடிக்குக் கீழே இல்லை. வீட்டில் வைக்கும்போது கடிவாயைத் துணிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். கரப்பான் பூச்சிக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், அது உள்ளே இருப்பது 10 மீட்டரில் தெரியவந்தால் உங்களுக்குப் பிடிக்காது.

ஜூலை முதல் நவம்பர் வரை, உம்கோமாஸுக்கு எதிரே கடலில் உள்ள அலிவால் ஷோல் பாறைத்திட்டில் 'ராகி' என்று செல்லமாகச் சொல்லும் ராகட் டூத் சுறாக்கள் வரும். 18 மீட்டர் வரை இறங்கத் தரும் முதல் சான்றிதழோடு கொஞ்ச நாள் இறங்கிவிட்டு, அடுத்த நிலையையும் முடித்துக்கொண்டு அப்போது வாருங்கள். ரெகுலேட்டரும் பிசிடியும் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். இரண்டு மூன்று விதமானதை வாடகைக்கு எடுத்துப் பார்த்து, எது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், என் மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டி, எதை வாங்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.